பித்தளை அண்டா கொடுத்த தாய்மாமன்

ரிஷிமூலமும் நதிமூலமும் பார்க்கக் கூடாது என்று நம் ஊரில் சொல்வார்கள். நியூஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளிடம் யாரும் அதைச் சொல்லி வைக்கவில்லை. முப்பது வருடங்களாக அவர் செய்துகொண்டிருந்த வேலையே அதுதான்.

முன்னூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, நாங்கள் இருந்த எடிசனுக்கு அடுத்த ஊரான வுட்பிரிட்ஜில் நிலம் வாங்கி உட்கார்ந்த ஒரு மனிதர்தான் அவர்கள் குடும்பத்தின் முதல் ஆள். அவருக்குப் பின்னால் வந்த பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எல்லாரையும் அந்த அம்மாள் விரல் நுனியில் வைத்திருந்தார். அந்த மனிதருக்கு முன்னால் யார் என்பதுதான் தெரியவில்லை. இங்கிலாந்தில் எந்த ஊர், அப்பன் யார், ஒன்றும் தெரியாது. குடும்பப் பெயரோ தச்சு வேலையைக் குறிக்கிற பெயர். அந்த நாட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் அந்தப் பெயர்க்காரர் ஒருவர் தலையில்தான் விழும்.

2004-இல் நாங்கள் அபார்ட்மென்ட்டை விட்டு அவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வாடகைக்குக் குடிபோனோம். நான் அப்போது ஹெச்-ஃபோர் விசாவில் இருந்தேன். கணவரின் வேலை விசாவில் ஒட்டிக்கொண்டு வருகிற விசா அது. சாப்பிடலாம், தூங்கலாம், பிள்ளை பெறலாம், வேலைக்கு மட்டும் போகக் கூடாது. பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடம் வேலை பார்த்த நான், மூன்று வயது மகளுக்குச் சோறூட்டுவதும் அவள் ஆங்கிலத்தில் வேண்டாம் என்பதைக் கேட்பதுமாக இருந்தேன். எரிச்சலான காலம். அதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது.

குடிபோன முதல் வாரமே அந்த அம்மாள் புல்வெளியைக் கடந்து வந்து கதவைத் தட்டினார். நான் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு திறந்தேன். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு முன்பின் தெரியாதவர் யார் கதவைத் தட்டினாலும் எனக்குப் பயம்தான். நீங்கள் எந்த நாடு என்று கேட்பார், என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவரோ, உனக்குக் கண் நன்றாகத் தெரியுமா, கார் ஓட்டுவாயா என்று கேட்டார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னிடம் இவ்வளவு நேரடியாகக் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். அவர் ஹைஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கண்ணில் நடுப்பார்வை மங்கிக்கொண்டே வருகிற நோய். ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே இருப்பது கரையும். இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் எழுத்தும் முகங்களும் தெரியாமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரே ஒரு முறை, அந்த மூதாதை பிறந்த ஊரில் போய் நின்று தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஆனால் ஊர் எது என்று தெரிந்தால்தானே டிக்கெட் எடுக்க முடியும்.

நான் அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். நான் உனக்கு எந்த வழியில் ஆன்ட்டி என்று கேட்டார். உறவு விஷயத்தில் ஆதாரமில்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாத ஆள். வயதில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு நாக்கு வராது என்றேன். சற்று யோசித்துவிட்டு, சரி, ஆதாரமில்லாத ஆன்ட்டியாக இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பக்கத்து ஊரில் ஒரு சர்ச்சின் பின்புறத்தில் வம்சாவளி தேடுகிறவர்களுக்கென்று ஓர் அறை இருந்தது. இங்கிலாந்து சர்ச்சுகளில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் எழுதிவைத்த பழைய பதிவேடுகளைப் படம் பிடித்து ஃபிலிம் சுருளாக வைத்திருப்பார்கள். வேண்டிய ஊரைச் சொன்னால் சில வாரங்களில் வரவழைத்துக் கொடுப்பார்கள். சுருளை மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் பக்கம் பக்கமாக நகரும். செவ்வாய்க்கிழமை தோறும் ஆன்ட்டியின் படகு போன்ற பழைய காரை நான் ஓட்ட, அவர் பக்கத்தில், மகள் பின்னால் கார் சீட்டில். திரும்பும் வழியில் இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் நிறுத்தி நான் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் வாங்கிக்கொள்வேன்.

முதல் நாள் அந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஆங்கிலம்தான், ஆனால் கோழி கிளறின மாதிரி. ஆன்ட்டிக்கு அந்தப் பழைய கையெழுத்து தண்ணீர் பட்ட பாடு, ஆனால் பார்வை இல்லை. எனக்குப் பார்வை இருக்கிறது, படிக்கத் தெரியாது. கடைசியில் ஒரு வழி கண்டோம். மெஷினில் தெரிகிற வரியை, என்ன எழுத்தென்றே தெரியாமல், அப்படியே ஒரு பெரிய சார்ட் பேப்பரில் கறுப்பு மார்க்கரால் உள்ளங்கை அளவுக்கு வரைவேன். அவர் அதைச் சாய்த்து, முகத்தைத் திருப்பி, ஓரக் கண்ணால் வாசிப்பார். என் உம்மாவின் தலைமுறைப் பெண்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதியவர்கள். அதனால் ஒரு மொழி வேறு வேஷத்தில் வருவது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் வரைந்ததில் கை கடுத்ததுதான் மிச்சம். தச்சர் பெயரில் ஊருக்கு நாலு பேர் கிடைத்தார்கள், நம் ஆள் கிடைக்கவில்லை.

குளிர்காலத்தில் பனி கொட்டி ரோடு அடைத்துக்கொண்ட ஒரு நாள், ஆன்ட்டி தன் வீட்டிலிருந்த குடும்பக் காகிதங்களை எல்லாம் மேஜையில் பரப்பி, ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னார். அவருக்கு எல்லாம் மனப்பாடம். ஆனாலும் கண் போவதற்கு முன் காதாலும் கேட்டுக்கொள்ள ஆசை. குடும்ப பைபிளில் எழுதியிருந்த பிறப்பு இறப்புகள், நிலப் பத்திரங்கள், உயில்கள், எல்லாம் அவர் எப்போதோ டைப் செய்து வைத்த நகல்கள். அதில் மூதாதையின் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவரின் உயிலும் இருந்தது. அதே கப்பலில் வந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் எழுதியிருக்கிறார்: மூதாதையின் மூத்த மகளுக்கு, அவள் கல்யாண நாளில், ஒரு பித்தளை அண்டா, ஓர் இறகு மெத்தை, ஒரு கிடேரி.

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். இவர் இவர்களுக்கு என்ன உறவு என்று கேட்டேன். உறவெல்லாம் இல்லை, பக்கத்து நிலத்துக்காரர், குழந்தைகள் மேல் பிரியமான நல்ல மனிதர் என்றார் ஆன்ட்டி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து நிலத்துக்காரன் பொம்மை வாங்கிக் கொடுப்பான், மிட்டாய் வாங்கிக் கொடுப்பான். கல்யாணத்துக்கு அண்டாவும் மெத்தையும் மாடும் எவன் கொடுப்பான்? தமிழ்நாட்டில் எந்தத் தெருவில், எந்த மதத்துக்காரரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

“ஆன்ட்டி, இவர் அந்தப் பெண்ணோட தாய்மாமன்.”

தாய்மாமன் என்றால் என்ன, சீர் என்றால் என்ன என்று அவருக்கு ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் டீ ஆறிவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது உங்கள் ஊர் வழக்கம், இவர்கள் இங்கிலாந்துக்காரர்கள், இது ஆதாரமாகாது என்றார். அன்று இரவு என் மாப்பிள்ளையிடம் சொன்னேன். எங்கள் பக்கம் புருஷனை மாப்பிள்ளை என்றுதான் சொல்வோம், தலை நரைத்தாலும் மாப்பிள்ளைதான். அவரும் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்றார்.

எனக்கு அது முடிச்சாகத் தெரியவில்லை. எங்கள் ஊர் காயல்பட்டினம். அங்கே கல்யாணமானால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. மகள் கடைசி வரை தாயோடுதான் இருப்பாள். ஆண்கள் பிழைப்புக்கு எங்கே போனாலும், மச்சான் முதலில் போய்க் கால் ஊன்றிய இடத்துக்குத்தான் போவார்கள். என் மாப்பிள்ளையே எடிசனுக்கு வந்தது என் காக்கா இங்கே இருந்ததால்தான். என் கூடப் பிறந்த அண்ணன் அவர். அவர் வீட்டு பேஸ்மென்ட்டில்தான் எங்கள் அமெரிக்க வாழ்க்கை தொடங்கியது. ஒரு ஆண் எங்கிருந்து வந்தான் என்று தெரிய வேண்டுமானால் அவன் பெண்டாட்டியின் அண்ணனைப் பிடி. எங்கள் ஊரில் யாருக்கும் இது தெரியும்.

அடுத்த நாள் போய் இதையே ஆன்ட்டியிடம் சொன்னேன். மறுபடியும் ஆதாரம் என்று ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“முப்பது வருஷமா அவன் அப்பனையே தேடுறீங்க. அவன் பொண்டாட்டிக்கு ஒரு உம்மா இருந்திருக்க மாட்டாங்களா?”

உம்மா என்ற சொல் அவருக்குப் புரிந்தது. என் மகள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். அவர் மேஜையில் கிடந்த பைபிள் நகலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, அவர் மனைவியைப் பற்றி பைபிளில் முதல் பெயர் மட்டும்தான் இருக்கிறது, அவள் பிறந்த வீட்டுப் பெயரைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை என்றார். சொல்லும்போது வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. எனக்கும் குரலை உயர்த்தியது கஷ்டமாகப் போய்விட்டது.

அண்டா கொடுத்தவரின் குடும்பப் பெயர், நல்ல வேளையாக, அபூர்வமான பெயர். கம்ப்யூட்டரில் தேடினால் இங்கிலாந்து முழுக்க அது வில்ட்ஷயர் என்ற மாவட்டத்தின் ஒரு மூலையில் இரண்டு மூன்று கிராமங்களில்தான் இருந்தது. ஒவ்வொரு ஊர் ஃபிலிமாக வரவழைத்தோம். முதல் ஊரில் ஒன்றுமில்லை. இரண்டாவது ஊர் ஃபிலிம் வர நாளாகியது. அதற்குள் ஆன்ட்டி தன் தபால்களைப் படிப்பதை நிறுத்திவிட்டார். என் முகம் தெரிகிறதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. தெரியாமல் போவதற்குள் ஏதாவது கிடைத்துவிட வேண்டுமே என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் துஆ கேட்டேன். முன்னூறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஒரு கிறிஸ்தவத் தச்சருக்காக என்று என் மாப்பிள்ளை கேலி செய்தார். தச்சருக்காக இல்லை, ஆன்ட்டிக்காக என்றேன்.

அந்த இரண்டாவது ஊர் ஃபிலிம் வந்த செவ்வாய்க்கிழமை, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே போனவள் அந்த அபூர்வப் பெயரின் வடிவத்தைக் கண்டு நின்றேன். அதற்குள் அந்த வடிவம் எனக்குப் பழகியிருந்தது. வரைந்தேன். ஆன்ட்டி வாசித்தார். அண்டா கொடுத்தவரின் ஞானஸ்நானம். கொஞ்சம் தள்ளி, அவர் தங்கையின் ஞானஸ்நானம், பைபிளில் இருந்த அதே முதல் பெயர். இன்னும் தள்ளி அந்தத் தங்கைக்குக் கல்யாணம். மணமகன், நம் தச்சர்.

ஆன்ட்டி நாற்காலியை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். மணமகன் எந்த ஊர் என்று போட்டிருக்கும், வரை, வரை என்றார். நான் மீதி வரியை வரைந்து நீட்டினேன். அவர் வாசித்தார், மறுபடி வாசித்தார், காகிதத்தை மடியில் வைத்துவிட்டார். பாதிரியார் ஊர் எதுவும் எழுதவில்லை. வெளியூர் ஆள் என்று மட்டும் எழுதியிருந்தார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. முப்பது வருடம் தேடிப் பிடித்த ஊரிலும் அந்த மனிதர் எங்கிருந்தோ வந்தவர். அப்படியானால் நான் போவதற்கு ஊரே இல்லை என்றார் ஆன்ட்டி. கணக்கு டீச்சரின் குரல் அல்ல அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாப்பிள்ளைக்குப் பெண் வீடுதான் வீடு, அவர் வாழ வந்த ஊர் அது, அங்கே போங்கள் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் தலையை ஆட்டினாரே தவிரக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆன்ட்டி கோட்டை மாட்டிக்கொண்டார். நான் எழுந்திருக்கவில்லை. பெண்ணும் மருமகனும் மகனும் ஒரே கப்பலில் போனார்களே, அந்தப் பெண்ணின் தாய் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சுற்றிக்கொண்டே போனேன். மகள் ஆங்கிலத்தில் பசி பசி என்று நச்சரித்தாள். அவள் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுச் சுற்றினேன். அவர்கள் கப்பலேறிப் பல வருடங்களுக்குப் பிறகு, அடக்கப் பதிவில் அந்தப் பெயர் இன்னொரு முறை வந்தது. இதுவரை வரைந்ததை விடப் பெரிதாக வரைந்தேன். ஆன்ட்டி முகத்தை ஒட்ட வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஏழை விதவை. சர்ச் செலவில் அடக்கம்.

சர்ச் செலவில் என்றால், செய்வதற்குச் சொந்தம் யாரும் இல்லை என்று அர்த்தம். அதை ஆன்ட்டி எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. காரில் வரும்போது, வீடு வந்து சேரும் நேரத்தில், அவர் சொன்னார்.

“நான் போகிறேன். இந்த அம்மாவைப் பார்க்க இதுவரை யாரும் போயிருக்க மாட்டார்கள்.”

வசந்த காலத்தில் தன் தங்கை மகனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்த மறுநாளே என் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். புல்லின் பச்சை தெரிந்தது, சர்ச்சின் கல் தெரிந்தது, அது போதும் என்றார். விதவையின் கல்லறைக்கு அடையாளம் ஒன்றும் இல்லை. ஏழைகளைக் கல் வைத்தா புதைப்பார்கள். எந்த இடம் என்று தெரியாததால் புல்வெளி முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாராம். பிறகு நடுவில் நின்று, தங்கை மகன் தன்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை என்று, வாய்விட்டுப் பேசினாராம்.

“உன் பிள்ளைகள் இரண்டு பேரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று சொன்னேன். பாவம், அவளுக்கு அது தெரிந்தே இருக்காது.”

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். காயல்பட்டினத்தில் எனக்கென்று கட்டிய வீட்டில் என் உம்மா தனியாக இருக்கிறார். வாப்பா இல்லை. மகனும் மகளும் எடிசனில். மகள் தாயோடு இருக்கும் ஊரில், மகள் இல்லாத தாய். நான் ஊருக்குப் போய் நாலு வருடமாகிவிட்டது. உம்மா பேத்தியைப் பார்த்ததே இல்லை. காரணம் கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில் வைத்திருந்தேன். ஊருக்குப் போனால் திரும்பி வர சென்னைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் புதிதாக விசா ஸ்டாம்பிங் வாங்க வேண்டும். எங்கள் பெயர்களுக்கு அந்த நாட்களில் பின்னணி செக் என்று போட்டு மாதக்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் சென்னையில் மாட்டிக்கொண்டு வேலையை இழந்தார். நியாயமான பயம்தான். அந்தத் தச்சரின் பெண்டாட்டிக்கும் கடல், காற்று, கைக்குழந்தை என்று நியாயமான காரணங்கள் இருந்திருக்கும்.

ஆன்ட்டி என் தாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றி முடிப்பதற்கு முன்பே, எனக்கும் பிள்ளைக்கும் ஊருக்கு டிக்கெட் போடுங்கள் என்றேன். என் குரலைக் கேட்டு அவர் ஒரு ஷூவோடு நின்றார்.

“ஸ்டாம்பிங்ல பிடிச்சு வச்சுட்டா? திரும்பி வர முடியாமப் போச்சுன்னா என்ன செய்வே?”

“நீங்க அங்க வாங்க. நம்ம ஊர்ல மாப்பிள்ளைதானே பொண்ணு வீட்டுக்கு வரணும்.”

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு ஷூவையும் கழற்றி வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எந்தத் தேதி என்று கேட்டார்.